ரெண்டாக விட்டுப்போன லயம்

மலைச்சாரல் பொது வானொலி,
குன்னூர்.
28 ஜூலை 2025

அன்புள்ள நேயர் திரு. பாண்டியராஜ் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஜீவிதா. காலை பத்து மணிக்கு 'மலைப்பேச்சு' நிகழ்ச்சியில் உங்களையெல்லாம் பேசச் சொல்லிவிட்டு, நடுநடுவே நானே குறுக்கே பேசுகிற அதே ஜீவிதாதான். வானொலி நிலையத்திலிருந்து கடிதம் வந்தால் ஏதோ தப்பாகப் பேசிவிட்டோமோ என்று பயப்படுகிற நேயர்கள் இருக்கிறார்கள். பயப்படாதீர்கள், இது நல்ல சேதி.

வார நாட்களில் பஸ், தண்ணீர், ரேஷன் கடை என்று அதிகாரிகளைக் கேள்வி கேட்டுக் களைத்துப் போகிறோம், ஞாயிற்றுக்கிழமையாவது கலை பற்றிப் பேசலாம் என்பது எங்கள் வழக்கம். ஜூலை 20 அன்று எடுத்துக்கொண்ட பொருள், 'இன்றைய பாடல்களில் இருப்பது இசையா, இரைச்சலா?' கோவையிலிருந்து வந்திருந்த இசைப் பேராசிரியர் ராகம், தாளம், லயம் என்று வெகுநேரம் விளக்கிக்கொண்டிருந்தார். உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கே கொட்டாவி வந்தது. அப்போதுதான் நடுவட்டத்திலிருந்து நீங்கள் பேசினீர்கள்.

"எங்க லயம் ரெண்டா விட்டுப் போச்சுங்கம்மா. ஒண்ணோட ஒண்ணு சேராம நிக்குது."

பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "நான் இவ்வளவு நேரம் சொன்னதை இவர் ஒரே மூச்சுல சொல்லிட்டாரும்மா" என்றார். 'எங்க லயம்' என்று நீங்கள் உரிமையோடு சொன்னது அவருக்கு ரொம்பவும் பிடித்துப் போயிற்று. மழையில் உங்கள் குரல் விட்டுவிட்டுக் கேட்டதால் மேற்கொண்டு பேசவிட முடியவில்லை. பாராட்டிவிட்டுப் பாட்டைப் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இந்த மாதத்தின் சிறந்த கருத்தாக உங்கள் கருத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அந்த வரியை உங்கள் குரலிலேயே தினமும் நிகழ்ச்சியின் தொடக்கத்தில் ஒலிபரப்புகிறோம். கேட்டிருப்பீர்கள். ஆகஸ்ட் 10 அன்று நிலையத்துக்கு வந்து எங்கள் பரிசான ரேடியோப் பெட்டியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். தனியாக வராதீர்கள். வீட்டம்மாவையும் அழைத்து வாருங்கள், அவர்களிடமும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்.

அன்புடன்,
ஜீவிதா,
நிகழ்ச்சித் தொகுப்பாளர்

*

அரசுப் பள்ளிக்கூடம்,
நடுவட்டம்.
6 ஆகஸ்ட் 2025

மதிப்புக்குரிய ஜீவிதா அம்மா அவர்களுக்கு,

பாண்டியராஜ் எழுதுவது. உங்கள் கடிதம் கிடைத்தது. ரோஸ்கில் எஸ்டேட், மேல் டிவிஷன் என்று போட்டிருந்தீர்கள். அந்த இடத்தில் இப்போது மண்தான் இருக்கிறது. எங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்து தபால்காரர் இங்கே கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்கும்போது, "ரேடியோக்காரங்க துக்கம் விசாரிச்சு எழுதியிருக்காங்க போல" என்றார். நானும் அப்படித்தான் நினைத்துப் பிரித்தேன்.

அம்மா, நான் பாட்டைப் பற்றிப் பேசவில்லை. பாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. லயம் என்றால் எங்கள் குடியிருப்பு. ஒரே கூரையின் கீழே வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். இங்குள்ளவர்கள் லைன் என்பார்கள். எங்கள் பெற்றோர் இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள், எங்களுக்கு அது லயம்.

விடாமல் மழை பெய்துகொண்டிருந்தது உங்களுக்கும் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் எங்கள் லயம் நட்டநடுவில் விட்டிருந்தது. கூரையிலிருந்து அஸ்திவாரம் வரைக்கும் வெடிப்பு. கையை விட்டால் அந்தப் பக்கம் போனது. மேனேஜர் நம்பர் அடித்து அடித்து நின்றது. ஆபீஸ் பூட்டியிருந்தது. சூப்பர்வைசரைப் போய்ப் பார்த்தேன். கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, "நாளைக்குப் பெரட்டுல சொல்லுப்பா" என்றார். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடத்தைத்தான் பெரட்டு என்போம். அதுவரைக்கும் சுவர் காத்திருக்க வேண்டும் என்று அர்த்தம்.

லயத்து ஜனங்களைக் குழந்தைகளை விடும் பிள்ளைக்காம்பராவுக்குப் போகச் சொல்லிவிட்டு, சிக்னல் கிடைக்கிற ரோட்டு வளைவுக்கு ஏறினேன். யாருக்கு அடித்தும் எடுக்கவில்லை. உங்கள் நம்பர் எடுத்தது. மார்ச்சில் எங்கள் வளைவில் பஸ் நிற்பதில்லை என்று உங்கள் நிகழ்ச்சியில்தான் சொன்னேன். அதிகாரி அங்கேயே பதில் சொன்னார். மறுவாரமே பஸ் நின்றது. அந்த நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை வேறு பேச்சு என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை.

"எதைப் பத்திப் பேசப் போறீங்க?" என்று உங்கள் ஆள் கேட்டார். "எங்க லயத்தைப் பத்தி" என்றேன். "லைன்லயே இருங்க" என்றார். இருந்தேன். பிறகு நீங்கள் வந்தீர்கள். "ரொம்ப அழகாச் சொன்னீங்க ஐயா" என்றீர்கள். பாட்டு வந்துவிட்டது. திரும்ப நம்பரை அடித்துக்கொண்டிருக்கும்போது கீழே சத்தம் கேட்டது. என் மனைவி அங்கம்மா உள்ளே இருந்தாள்.

பரிசு வேண்டாம். என் குரலை நிறுத்திவிடுங்கள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே டீக்கடை. தினமும் பத்து மணிக்கு நான் அங்கே பேசுகிறேன். விஷயம் தெரியாத பிள்ளைகள் என்னைப் பார்த்து, "எங்க லயம் ரெண்டா விட்டுப் போச்சு" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். தெரிந்தவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நான் சொல்வது வேறாகப் போய்ச் சேருகிறது. அதனால் எழுதினேன்.

இப்படிக்கு,
பாண்டியராஜ்

*

குன்னூர்.
9 ஆகஸ்ட் 2025

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தை நிலையத்தில் நின்றபடியே படித்தேன். படித்து முடித்ததும் உட்கார இடம் தேடினேன். என்ன எழுதினாலும் அது போன கடிதத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு அசிங்கமாகத் தெரியும் என்று எனக்குப் புரிகிறது. இருந்தும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அங்கம்மா அவர்களை அழைத்து வரச் சொல்லி எழுதினேனே, அந்த வரியை நினைத்தால் கை கூசுகிறது.

உங்கள் குரலை அன்றே நிறுத்திவிட்டோம். இனி ஒலிக்காது.

அன்று உங்களிடம் முதலில் பேசியவர் கொர்னேலியஸ். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வருகிற அழைப்புகளை எடுப்பவர். பெயர், ஊர், பொருள் மூன்றையும் துண்டுத் தாளில் எழுதிக் கண்ணாடியில் காட்டுவார். 'பாண்டியராஜ், நடுவட்டம், லயம்' என்று காட்டினார். எதிரே பேராசிரியர் அதே சொல்லைத்தான் பேசிக்கொண்டிருந்தார். பொருத்தமான ஆள் கிடைத்துவிட்டார் என்று இருவரும் சிரித்துக்கொண்டோம். இப்போது கொர்னேலியஸ் யாரிடமும் பேசுவதில்லை. போன் அடித்தால் திடுக்கிடுகிறார்.

குறை சொல்வதாக நினைக்காதீர்கள். ஒன்றே ஒன்றைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. நீங்கள் ஏன் 'வீடு' என்று சொல்லவில்லை? 'எங்க வீடு இடியுது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நிகழ்ச்சியையே நிறுத்தியிருப்பேன். நிச்சயம் நிறுத்தியிருப்பேன். படுத்தால் இந்தக் கேள்விதான் வருகிறது.

அங்கம்மா அவர்களுக்கு நிகழ்ச்சியில் அஞ்சலி செலுத்தலாம் என்று நினைக்கிறேன். உங்களுக்குச் சம்மதம் என்றால் சொல்லுங்கள்.

வருத்தத்துடன்,
ஜீவிதா

*

நடுவட்டம்.
21 ஆகஸ்ட் 2025

ஜீவிதா அம்மாவுக்கு,

அஞ்சலி வேண்டாம். அதற்குப் பிறகும் ஒரு பாட்டுப் போடுவீர்கள்.

வீடு என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தீர்கள். விசாரணையிலும் இதையேதான் கேட்டார்கள். கேட்பவர்களுக்கெல்லாம் சொந்த வீடு இருக்கிறது போல. கூரை ஒழுகுகிறது என்று அங்கம்மா ஒரு தடவை ஆபீசுக்குப் போனாள். "எங்க ஊடு ஒழுகுதுங்க" என்றாள். அப்போதிருந்த மேனேஜர், "ஊடா? யாரு ஊடும்மா? கம்பெனி லைன் அது" என்றார். ஆபீசில் எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் அப்படிச் சொல்வதை விட்டுவிட்டாள், நானும் விட்டுவிட்டேன். வேலையில் இருந்து நின்ற மறுநாள் காலி செய்ய வேண்டிய இடத்தை என்னவென்று சொல்வது? விழுகிற நேரத்தில் மட்டும் அதை வீடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போதுமா?

இப்போது விசாரணைக்கு வருகிறேன். லயம் விழுந்தது பற்றிய சர்க்கார் விசாரணை, ஊட்டியில் நடக்கிறது. சுவரில் வெடிப்பே இல்லை, யாரும் புகார் சொல்லவும் இல்லை என்கிறது எஸ்டேட். சூப்பர்வைசரும் நான் வரவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். பாண்டியராஜ் தன் அவரைக்காய்த் தோட்டத்துக்காக லயத்துக்குப் பின்னால் வாய்க்கால் வெட்டினான், அதனால்தான் மண் இளகிச் சரிந்தது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வாய்க்கால் வெட்டியது உண்மை. அவரைக்கு இல்லை. சுவருக்கு அடியில் தண்ணீர் இறங்கியது, பல தடவை சொல்லியும் யாரும் வரவில்லை, நானே வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டேன்.

ரேடியோவில் சொன்னேன் என்றேன். அத்தாட்சி கேட்டார்கள். உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். ஏன் கொடுத்தாய் என்று நீங்கள் நினைப்பீர்கள். தேதி அதில் இருந்தது. நான் பேசிய பேச்சு ஒரு எழுத்து மாறாமல் அதில் இருந்தது. அதைப் படித்தால் யாருக்கும் புரியும் என்று நினைத்தேன். எஸ்டேட்டில் யாருக்கும் புரியும். அதிகாரி சத்தமாக வாசித்தார். இசையா, இரைச்சலா என்பதிலிருந்து ரேடியோப் பெட்டி வரைக்கும் வாசித்தார். எஸ்டேட் வக்கீல் எழுந்து, "சுவர் உண்மையிலேயே வெடிச்சிருந்தா இவர் சினிமாப் பாட்டைப் பத்திப் பேசிட்டு இருந்திருப்பாருங்களா?" என்றார். உங்கள் முத்திரை, உங்கள் கையெழுத்து.

அங்கம்மாவின் தம்பி முத்துவேல் எங்கள் லயத்திலேயே கடைசி அறையில் இருந்தவன். அவனும் அவன் மனைவி விஜயாவும் இங்கே இதே வகுப்பறையில்தான் இருக்கிறார்கள். நடுவில் பெஞ்சுகளை அடுக்கி மறைத்திருக்கிறான். கருமாதிக்கு என்னைப் பக்கத்தில் விடவில்லை. "எங்கக்காவுக்குக் குழி வெட்டினவன் நீதான்யா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். மாமா என்று கூப்பிட்டவன்.

எல்லோரோடும் அவளும் பிள்ளைக்காம்பராவுக்குப் போனாள், நான் பார்த்துவிட்டுத்தான் ரோட்டுக்கு ஏறினேன். எதற்காகத் திரும்பி உள்ளே போனாள்? அவரைக்காய் மூட்டையை எடுத்துவர நான்தான் சொல்லியிருப்பேன் என்கிறான் முத்துவேல். நான் சொல்லவில்லை. ஆனால் வேறு காரணமும் எனக்குத் தெரியவில்லை. அவள் இல்லாததைக்கூட எப்படியோ தாங்கிக்கொள்ளலாம். நான்தான் அவளைக் கொன்றேன் என்று சர்க்கார் தாளில் எழுதப் போகிறார்கள், அதைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை.

செப்டம்பர் 11 கடைசி விசாரணை. நீங்கள் வர வேண்டும். இவர் பேசியது பாட்டைப் பற்றி இல்லை, குடியிருப்பைப் பற்றி என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

பாண்டியராஜ்

*

குன்னூர்.
31 ஆகஸ்ட் 2025

மதிப்புக்குரிய ஐயா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

அன்றைய ஒலிப்பதிவைத் தேடினோம். நேரடி நிகழ்ச்சிகளை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை. தினமும் போடுவதற்காக வெட்டி எடுத்த அந்த ஒரு வரி மட்டும்தான் இருக்கிறது. அதைக் கேட்கிறவர் எதை நினைத்துக் கேட்கிறாரோ அதுவாகவே கேட்கும்.

நிலையப் பொறுப்பாளரிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். நல்ல மனிதர்தான். "நம்ம வேலை பேச வைக்கறது ஜீவிதா, சாட்சி சொல்றதில்ல. இன்னைக்கி இதுக்குப் போனா நாளைக்கி எல்லாத்துக்கும் கூப்பிடுவாங்க" என்றார். ஆனாலும் நிலையத்தின் சார்பில் ஒரு விளக்கக் குறிப்பு தர ஒப்புக்கொண்டார். இதனுடன் வைத்திருக்கிறேன். 'மேற்படி நேயர் பயன்படுத்திய சொல் இருபொருள் தரக்கூடியது' என்று அதில் இருக்கிறது. விசாரணையில் கொடுத்துப் பாருங்கள். உதவும் என்று நினைக்கிறேன். அல்லது அப்படி நினைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன்.

நான் நிரந்தரப் பணியாளர் இல்லை. செப்டம்பரில்தான் அடுத்த பட்டியல் போடுவார்கள். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் நான் வெறும் ஜீவிதா. இதை ஒரு காரணமாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் மறைத்து உங்களுக்கு எழுத முடியவில்லை. நானும் லயத்தில் பிறந்தவள். கூடலூர்ப் பக்கம். எங்கள் அப்பா மூக்கனும் கண்டியிலிருந்து வந்தவர்தான். ரேடியோவுக்குக் குரல் தேர்வு வைத்தபோது, "குரல் நல்லா இருக்கு, தோட்டத்துப் பேச்சு ஒட்டிட்டு இருக்கே" என்றார்கள். கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொரு சொல்லாகத் துடைத்தேன். எது போனது, எது இருக்கிறது என்று எனக்கே தெரியாத அளவுக்குத் துடைத்துவிட்டேன் போலிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா போன் செய்தார். "ஏம்மா, அந்த மனுசன் லயம் விட்டுப் போச்சுன்னு அழுவாத குறையாச் சொல்றான், நீ பாட்டுப் போடுறியே?" என்றார். "அது சங்கீதத்தைப் பத்திப்பா, உங்களுக்குப் புரியாது" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. வர முடியாமல் இருக்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஜீவிதா

*

நடுவட்டம்.
4 செப்டம்பர் 2025

ஜீவிதா அம்மாவுக்கு,

குறிப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான் சொன்னதற்கு ஒரு பொருள்தான் இருந்தது.

உங்கள் வேலை போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பட்டியலில் பெயர் இல்லாமல் போவது என்னவென்று எனக்குத் தெரியும், இங்கே மாதாமாதம் பார்க்கிறேன். நீங்கள் வர வேண்டாம்.

உங்கள் அப்பாவை அனுப்புங்கள். அவருக்குப் புரிந்தது.

பாண்டியராஜ்

*

குன்னூர்.
13 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

இப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. நேற்று முன்தினம் விசாரணை முடிந்ததும் அப்பா உங்களைக் காட்டி, "அண்ணன்கிட்டப் போய்ப் பேசும்மா" என்றார். பேசுவதுதான் என் பிழைப்பு, பத்தடி தூரத்தில் நின்ற உங்களிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு, "எந்த பஸ்ல போவணும்?" என்று மட்டும் கேட்டார். விசாரணைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று சொல்லி உட்கார வைக்க வேண்டியதாயிற்று. அவரை மட்டும் அனுப்பிவிட்டு நான் எந்த முகத்தோடு மைக்கின் முன்னால் உட்காருவது?

உள்ளே நடந்தது வராந்தாவில் நின்ற உங்களுக்குக் கேட்டிருக்காது. அப்பா லயம் என்றால் என்ன என்று சொன்னார். எத்தனை அறை, எங்கே அடுப்பு, மழை பெய்தால் எந்த மூலை ஒழுகும் என்றெல்லாம் அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். அதிகாரி நிறுத்தவில்லை. பிறகு என்னை அழைத்தார்கள். நேயர் பேசியது குடியிருப்பைப் பற்றி, பாட்டைப் பற்றி எழுதியது என் பிழை என்றேன். நீங்கள் குரல் நடுங்கப் பேசியதையும், "ஆராவது..." என்று தொடங்கியபோது நான் பாட்டைப் போட்டதையும் சொன்னேன். எஸ்டேட் வக்கீல் விடவில்லை. "லயத்துல பொறந்த உங்களுக்கே புரியலையே, அப்ப அவர் சொன்னதுதானே தெளிவில்லாம இருந்திருக்கு?" என்றார். நல்ல கேள்விதான். "அவர் தெளிவாத்தாங்க சொன்னாரு. எனக்குத்தான் அந்தப் பேச்சு கேட்கக் கூடாதுன்னு இருந்துச்சு" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா தூங்கிவிட்டார். நான் அழுதேன். ஜன்னலோர இருக்கை, வெளியே மழை, யாரும் கவனிக்கவில்லை.

புதுப் பட்டியல் இன்று ஒட்டினார்கள். என் பெயர் இல்லை. நிலையப் பொறுப்பாளர் என் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். இதை உங்கள் தலையில் வைக்க எழுதவில்லை. கொர்னேலியஸ் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு பேசினார். இனி யார் அழைத்தாலும் பொருள் என்ன என்பதோடு 'என்ன கஷ்டம்?' என்றும் கேட்கப் போகிறாராம்.

நாங்கள் பஸ் ஏறும்போது சாம்பல் நிறக் கம்பளி போர்த்திய ஒருவர் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அவர் எழுந்து போகவும் இல்லை. அவர்தான் முத்துவேல் என்று நினைத்துக்கொண்டேன். சரியா?

முடிவு தெரிந்தால் இரண்டு வரி எழுதுங்கள். எழுத மனமில்லை என்றால் வேண்டாம், எனக்குப் புரியும்.

ஜீவிதா

*

ரோஸ்கில் எஸ்டேட்,
கீழ் டிவிஷன், இரண்டாம் லயம்,
நடுவட்டம்.
19 அக்டோபர் 2025

தங்கை ஜீவிதாவுக்கு,

அண்ணன் எழுதுவது. விலாசத்தைப் பார்த்திருப்பாய். இங்கே இரண்டு அறை காலியாக இருந்தது, ஒன்றை எனக்கும் ஒன்றை முத்துவேலுக்கும் கொடுத்திருக்கிறார்கள். சுவர் இப்போதைக்குச் சேர்ந்துதான் இருக்கிறது. வந்த அன்றைக்கே கையால் தடவிப் பார்த்துவிட்டேன்.

அறிக்கை வந்துவிட்டது. சுவர் முன்னதாகவே நடுவில் விட்டிருந்தது, பாண்டியராஜ் வெட்டிய வாய்க்கால் அதற்குக் காரணம் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரியைப் பல தடவை படித்தேன். மேனேஜர், சூப்பர்வைசர் பெயர் எதுவும் இல்லை. தொடர் மழைதான் காரணமாம். மழையைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது அல்லவா? பரவாயில்லை. என் மேல் இருந்த பழி போயிற்று. எனக்கு அது போதும் என்று இருந்தேன்.

கம்பளிக்காரன் முத்துவேல்தான். நீ பேசியதைக் கதவோரம் நின்று கேட்டிருக்கிறான். அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில், "மாமா, டீ குடிக்கிறியா?" என்றான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை, எனக்கும் வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியதும் அடுக்கி வைத்திருந்த பெஞ்சுகளை அவனே இறக்கிப் போட்டான்.

பெஞ்சு இறங்கிய பிறகுதான் விஜயா வாய் திறந்தாள். அதுவரைக்கும் என்னோடு பேசக் கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தான். அங்கம்மா ஏன் திரும்பிப் போனாள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அவனிடம் சொல்லவும் பயந்திருக்கிறாள்.

அவரைக்காய்க்கு இல்லை. எங்கள் ரேடியோவின் ஏரியல் கம்பியைக் கூரைத் தகரத்தில் கட்டி வைத்திருந்தேன். வெளியே கொண்டுபோனால் அது எடுக்காது. நான் ரேடியோவுக்குப் போன் செய்து காத்திருப்பதை ரோட்டு வளைவிலிருந்து இறங்கி வந்த பையன் ஒருவன் அவளிடம் சொல்லியிருக்கிறான். "அவரு ரேடியோல பேசப் போறாரு, கேட்டுட்டு ஒரு எட்டுல வந்துர்றேன்" என்று பிள்ளைக்காம்பராவிலிருந்து ஓடியிருக்கிறாள். விஜயா பின்னாலேயே வந்து வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறாள். அந்த நேரம் பாட்டு ஆரம்பித்துவிட்டது. "இனி என்ன இருக்கு, வாங்க அண்ணி" என்றாளாம். உள்ளேயிருந்து அங்கம்மா சொன்னாளாம்: "ஏ விஜயா, அந்தப் பொண்ணு எங்க ஊட்டுக்காரரைப் பாராட்டுதுடி. ரொம்ப அழகாச் சொன்னீங்கங்குது. பாட்டு முடிஞ்சதும் ஆள் அனுப்புறோம்னு சொல்லும். அதையும் கேட்டுட்டு வந்துர்றேன், நீ போ."

இதை உனக்கு எழுத வேண்டாம் என்று முத்துவேல் சொன்னான். "பாவம் மாமா, வேலையும் போயிருச்சு, இது வேற எதுக்கு?" என்றான். நானும் சில வாரம் எழுதாமல் வைத்திருந்தேன். ஆனால் இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் இருந்ததே, அது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். நீயும் ஒருநாள் கேட்பாய், அங்கம்மா ஏன் உள்ளே இருந்தாள் என்று. அப்போது வேறு யாராவது மாற்றிச் சொல்வதைவிட நான் சொல்லிவிடுவது நல்லது.

உன் மேல் கோபமா என்று கேட்டால், இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். பக்கத்து அறையில் பத்து மணிக்கு ரேடியோ வைக்கிறார்கள். வேறொரு பெண் பேசுகிறது. உன் குரல் இல்லையே என்றும் தோன்றுகிறது. இரண்டும் இருக்கிறது, நான் என்ன செய்ய?

ஒன்று மட்டும் சொல்கிறேன். அங்கம்மா என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து பெரட்டில் திட்டு வாங்குவதைப் பார்த்திருக்கிறாள், ஆபீஸ் வாசலில் நிற்பதைப் பார்த்திருக்கிறாள். என்னை ஒருவர் பாராட்டி அவள் கேட்டதே இல்லை. அன்றைக்குத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு, பாட்டு முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
பாண்டியராஜ்